ஒளியிலும் ஓரவஞ்சனை

வெயிலுக்கு வேற்றுமை தெரியாது. குடிசைக் கூரையின்மீதும் கோட்டைக் கொத்தளத்தின்மீதும் ஒரே வெயில்தான் விழுகிறது. உழுபவன் முதுகைச் சுடும் அதே கதிர்தான், குடை பிடித்துச் செல்பவனின் குடையையும் சுடுகிறது. ஆனால், அந்த வெயிலை ஒரு பெட்டிக்குள் பிடித்து, தாளிலே பதித்து, "இதோ பார், உன் முகம்!" என்று மனிதன் மனிதனிடம் நீட்டத் தொடங்கினானே, அன்றைக்கு வெயிலிலும் வேற்றுமை புகுந்தது. சிவந்த முகம் செந்தாமரையாய் மலர்ந்தது; கருத்த முகம் கரிக்கட்டையாய்க் காய்ந்தது. ஏன் இப்படி என்று கேட்டவர்க்குக் கூற ஆயத்தமாக ஒரு விடை இருந்தது: "கருப்பு முகம் படத்துக்கு எடுபடாது!"

எடுபடாதது முகமா, எடுத்தவன் திறமையா?

இந்தக் கேள்வியைத் தோழர்கள்முன் வைக்கவே இக்கட்டுரை. நாடகத்தைப்பற்றி எழுதுகிறோம்; திரைப்படத்தைப்பற்றி ஏடு ஏடாக எழுதுகிறோம்; நிழற்படக் கலையை மட்டும் அதன் போக்கிலே விட்டுவிட்டோம். அது அறிவியலின் ஆடை உடுத்தி வந்திருப்பதால் அதனிடம் கேள்வி கேட்கக் கூசுகிறோம் போலும். சாத்திரம் சொன்னால் சீறி எழும் நாக்கு, கருவி சொன்னால் கட்டுண்டு கிடக்கிறது. கருவிக்குக் கண் உண்டு, கருத்தும் உண்டா? உண்டு, தோழர்களே! அதைச் செய்தவனின் கருத்து அதற்குள்ளே உறைந்து கிடக்கிறது.

உருவப்படம் ஒன்று எப்படிப் பிறக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மாடல் என்று அழைக்கப்படும் ஆணோ பெண்ணோ, கருவியின்முன் வந்து அமருமுன்பே ஆயிரம் முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. எந்த இடம்? எந்த வேளை? பின்னால் தொங்கும் திரை வெள்ளையா, கருப்பா? விளக்கு வலப்புறமா, இடப்புறமா? முகத்துக்கு நான்கடி தொலைவிலா, எட்டடி தொலைவிலா? நான்கடியில் நின்ற விளக்கை எட்டடிக்குத் தள்ளினால், முகத்தில் விழும் ஒளி பாதியாகாது, கால்பங்காகிவிடும். அது இயற்கையின் விதி. ஆனால் தள்ளச் சொன்னது இயற்கையா? இல்லை, விளக்கின் கழுத்தைப் பிடித்து நிற்கும் மனிதன். முகத்தில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று அவன் தீர்ப்பு எழுதுகிறான். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. படம் சட்டத்துக்குள் போய்ச் சுவரில் ஏறிவிடுகிறது.

முதற்கண் ஒளியளக்கும் கருவியின் கதையைக் கேளுங்கள். லைட் மீட்டர் என்று கடையில் கேட்டு வாங்குகிறார்களே, அதன் ஒரு வகை, எதிரில் உள்ள பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. இன்று ஒவ்வொரு காமிராவுக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் அதன் வழித்தோன்றல் குடியிருக்கிறது. உலகில் உள்ள எல்லாக் காட்சியும், கூட்டிக் கழித்துப் பார்த்தால், நடுத்தரச் சாம்பல் நிறந்தான் என்பது அதன் நம்பிக்கை. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் சாம்பல் நிறம். சராசரிக்கு அது பொருந்தலாம். ஆனால் வெள்ளைச் சுவரின்முன், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நிற்கும் நம் ஊர் மணமகனை அதன் எதிரே நிறுத்துங்கள். வெள்ளையைக் கண்டு மிரண்டுபோய், "ஒளி மிகுதி, ஒளி மிகுதி!" என்று அது கதவை அடைக்கிறது. வேட்டியும் சுவரும் சாம்பலாகின்றன. அவன் முகம் இருட்டுக் குகையாகிறது. அதே மனிதனின் முகத்தை மட்டும் நெருங்கி எடுத்தாலோ, "ஒளி குறைவு!" என்று கதவை அகலத் திறந்து, அவனது கருநிறத்தை வெளிறிய சாம்பலாக்கிவிடுகிறது. ஒரு முறை கரி, மறுமுறை சாம்பல்! நடுவிலே நிற்கும் மனிதனின் உண்மை நிறம் இரண்டிலும் இல்லை. இத்தவறைத் திருத்த, அறிந்தவனுக்கு ஒரு நொடி போதும். மாடலின் முகத்தருகே மற்றொரு வகை மீட்டரைப் பிடித்து, வரும் ஒளியை அளந்தால் தீர்ந்தது. ஆனால் திருத்தவேண்டும் என்ற எண்ணம் வரவேண்டுமே!

அந்த எண்ணம் வராமலிருக்கக் காரணம், கருவியைவிடப் பெரிய இடத்திலே இருந்தது. அமெரிக்க நாட்டுக் கோடக் கம்பெனி, வண்ணப் படச்சுருளை உலகுக்கு விற்றது. 1954இல், சுருளோடு கழுவும் கூலியையும் சேர்த்து விற்கும் அதன் முற்றுரிமையைக் கைவிடவேண்டிய நிலை சட்டத்தால் ஏற்பட்டது. ஊர்தோறும் தனியார் கழுவும் கூடங்கள் தோன்றின. அந்தக் கூடங்களில் வண்ணம் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, கோடக் ஓர் அட்டை அனுப்பியது. அதிலே புன்னகை பூத்தவண்ணம் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் தோல் ஒழுங்காக வந்தால், உலகம் ஒழுங்காக வந்துவிட்டது என்று பொருள்! அவள்தான் அளவுகோல்; மற்றவரெல்லாம் அளவுக்கு அடங்காத எச்சம்.

விளைவு என்ன? ஒரே பெஞ்சில் வெள்ளைப் பிள்ளையும் கருப்புப் பிள்ளையும் அருகருகே அமர்ந்து பள்ளிக்கூடப் படம் எடுத்தால், வெள்ளைப் பிள்ளைக்கு மூக்கும் முழியும் வந்தன. கருப்புப் பிள்ளைக்குப் பல்லும் கண்ணும் மட்டும் வந்தன. பெற்ற தாய்மார் குறை கூறினர். குறையைக் கேட்டுக் கம்பெனி துடித்து எழுந்ததா? இல்லை. சாக்லேட் செய்யும் முதலாளிகள் வந்தனர்: "எங்கள் பழுப்பு நிறச் சாக்லேட்டின் வகைகள் விளம்பரப் படத்தில் வேறுபாடின்றித் தெரிகின்றனவே!" மரச்சாமான் முதலாளிகள் வந்தனர்: "தேக்குக்கும் ஓக்குக்கும் வித்தியாசம் தெரியவில்லையே!" பழுப்பின் பல நிலைகளைப் பிரித்துக் காட்டும் சுருளுக்கு அப்போதுதான் வழி பிறந்தது. மனிதனின் தோலுக்கு மறுக்கப்பட்ட நீதி, மரக்கட்டையின் தோலுக்குக் கிடைத்தது! ஷெர்லியின் பக்கத்தில் கருப்புப் பெண்ணும் ஆசியப் பெண்ணும் வந்து அமர்ந்த அட்டை வெளியாக, 1990களின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வேதியியலின் குற்றம், முதலாளியின் குற்றம் என்று இதை இத்தோடு முடித்துவிடலாமா? முடியாது. வேதியியல் இதைவிட மோசமாக இருந்த காலத்திலேயே, ஒரு மனிதர் இக்கலையைத் தன் கைவாளாக்கிக் காட்டினார்.

1850ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், கொலம்பியா நகரில், ஜோசப் சீலி என்பவரின் நிழற்படக் கூடம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லூயி அகாசி, கருப்பரும் வெள்ளையரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவரல்லர் என்று மெய்ப்பிக்க விரும்பினார். அதற்குச் சான்று வேண்டும் என்று, அடிமைகள் சிலரை அந்தக் கூடத்துக்குக் கொண்டுவரச் செய்தார். ரெண்டி என்ற தந்தை, டெலியா என்ற மகள், இன்னும் ஐவர். ஆடை களையச் செய்தனர். முன்புறம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். நல்ல ஒளி, துல்லியமான பதிவு, குற்றமற்ற தொழில் நுணுக்கம். ஆம், தோழர்களே! தொழில் நுணுக்கத்தில் அப்படங்களிடம் குறை காண முடியாது. அமர்ந்தவரின் விருப்பம் ஒன்றுதான் அங்கே இல்லை. மேசைமேல் வைத்த பூச்சியைப் படமெடுப்பதுபோல் மனிதரை எடுத்தார்கள். தந்தையின் முன்னே மகள் ஆடையிழந்து நின்ற நாளை, "அறிவியல்" என்று பெயரிட்டுப் பேழைக்குள் வைத்தார்கள். 1976இல் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துப் பரணில் அவை மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. ரெண்டியின் வழிவந்தவர் தாமென்று கூறி டமாரா லேனியர் என்ற பெண்மணி 2019இல் வழக்குத் தொடுத்தார். 2025இல் உடன்பாடு ஏற்பட்டு, படங்களைக் கைவிடப் பல்கலைக்கழகம் இசைந்தது. எடுக்கச் சில நொடிகள். மீட்க 175 ஆண்டுகள்!

அதே நாடு, அதே காலம், அதே வெள்ளித் தகட்டு முறை. மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்து, 1838இல் தப்பி ஓடி விடுதலை பெற்ற பிரடரிக் டக்ளஸ், இதே கருவியின்முன் தாமாகச் சென்று அமர்ந்தார். ஒருமுறை இருமுறை அன்று. இதுவரை தெரியவந்த படங்களே 160 அளவில் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அவரைவிட மிகுதியாகப் படம் எடுக்கப்பட்டவர் எவருமில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆபிரகாம் லிங்கன்கூட அவருக்கு அடுத்துத்தான். தற்பெருமையா? அன்று. வெள்ளை ஓவியர் கையால் கருப்பருக்கு நடுநிலையான உருவம் கிடைக்காது என்று 1849இலேயே தம் ஏட்டில் எழுதியவர் அவர். அந்த நாளில் செய்தித்தாள்களும் விளம்பரத் தாள்களும் கருப்பரை எப்படி வரைந்தன? பருத்த உதடு, உருட்டிய விழி, இளித்த வாய். அதற்கு டக்ளஸ் தந்த மறுமொழி, இளிக்காத வாய்! மடிப்புக் கலையாத மேலாடை, சீவி உயர்த்திய தலைமயிர், கருவியின் கண்ணை நேருக்கு நேர் நோக்கும் கண்கள். 1861இல் பாஸ்டன் நகரில், நிழற்படத்தைப்பற்றி மேடையேறிச் சொற்பொழிவே ஆற்றினார்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. அன்றைய தகடுகள் நீலத்துக்கும் ஊதாவுக்குமே மிகுதியாக மசிந்தன. சிவப்பையும் பழுப்பையும் கண்டால் கண்மூடிக்கொண்டன. ஆகவே பழுப்புத் தோல், கண்ணால் காண்பதைவிடக் கருமையாகவே அதில் பதியும். அந்தக் குருட்டுத் தகட்டிலும் டக்ளசின் முகம் மேடும் பள்ளமுமாய், உறுதியும் சினமுமாய் உயிரோடு நிற்கிறது. வெள்ளித் தகட்டுக்கு வயப்படாத கருமை என்று ஒன்று இல்லை. அமர்ந்தவர் யார், யார் விருப்பத்தால் அமர்ந்தார் என்பதிலே இருக்கிறது இரண்டு படங்களுக்கும் உள்ள தொலைவு.

இனி, ஒளியமைப்பிலே என் நெஞ்சைக் கவர்ந்த ஒருவரிடம் தோழர்களை அழைத்துச் செல்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவிலே, இன்று மாலி என்று வழங்கும் நாட்டின் தலைநகர் பமாகோ. பிரெஞ்சுக்காரரின் ஆட்சி நடந்த காலம். தச்சுத் தொழில் பயின்ற சேது கேய்ட்டா என்ற இளைஞர், 1935இல் தம் சிற்றப்பன்மார் ஒருவர் செனகலிலிருந்து வாங்கிவந்து தந்த சிறிய கோடக் பெட்டியில் படமெடுக்கக் கற்றார். 1948இல், புகைவண்டி நிலையத்துக்கு அருகே தம் வீட்டிலேயே கூடம் திறந்தார். கூடம் என்றால் கண்ணாடி மாளிகையன்று, வீட்டு முற்றம். அவர் பெரிதும் நம்பிய விளக்கு, வானத்துக் கதிரவன். பின்திரை? அவர் படுக்கையில் விரித்த துப்பட்டி! குஞ்சம் தொங்கும் அந்தத் துணியே தொடக்க காலப் படங்களில் பின்னால் நிற்கிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை துணியை மாற்றுவார். பிற்காலத்தில், எந்தத் துணி தொங்குகிறது என்று பார்த்தே, படம் எந்த ஆண்டினது என்று சொன்னார். மேனாட்டு அருங்காட்சியகத்துப் பதிவேடுகளைவிட அந்தத் துப்பட்டி நல்ல பதிவேடு!

படச்சுருளும் தகடும் விலை கூடியவை. ஆகவே ஒருவருக்கு ஒரே ஒரு படந்தான். ஒரு முறை பிசகினால் கூலி போயிற்று. அந்த ஒரு நொடிக்காக, முன்கூட்டியே எவ்வளவு திட்டம்! சுவரிலே மாதிரிப் படங்களை மாட்டி வைப்பார். வருபவர் பார்த்து, "எனக்கு இதுபோல்" என்று காட்டுவார். தலையை இப்படிச் சாய்க்கலாம், கையை இங்கே வைக்கலாம் என்று கேய்ட்டா எடுத்துச் சொல்வார். கைக்கடிகாரம் இல்லையா? அவரிடம் இருக்கிறது. பேனா வேண்டுமா? இருக்கிறது. வானொலிப் பெட்டி, தொலைபேசி, ஸ்கூட்டர், ஏன், அவருடைய பெஜோ மோட்டார் வண்டியே இருக்கிறது. கூலிக்காரனும் எழுத்தனும் புதுமணப் பெண்ணும் பாட்டியும், தாம் எப்படிக் காணப்பட விரும்பினார்களோ அப்படி வந்து அமர்ந்தார்கள்.

படங்களைப் பாருங்கள். புள்ளியும் பூவும் கோடும் நிறைந்த ஆடை. அதற்குப் பின்னால் அதே போன்ற கோலமிட்ட துணி. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து குழம்பிப் போயிருக்கவேண்டும். குழம்பவில்லை. அந்தப் பூக்காட்டின் நடுவே கருத்த முகம் ஒன்று, கடைந்த கருங்காலிபோல் ஒளிவிட்டு எழுகிறது. நெற்றியில் ஒரு மென்மையான பளபளப்பு, கன்ன எலும்பில் ஒரு கோடு, மூக்கின் முதுகில் ஒரு துளி. முகத்தின் வடிவம் முழுவதையும் அந்த மூன்று ஒளித்துளிகளே வரைந்துவிடுகின்றன.

இதிலே ஓர் அறிவியல் உண்மை இருக்கிறது. அதை விளக்காமல் மேலே செல்ல மனமில்லை. தோலின்மீது விழும் ஒளி இரண்டு வகையாகத் திரும்புகிறது. ஒரு பங்கு, தோலுக்குள் புகுந்து, சிதறி, நிறத்தைச் சுமந்துகொண்டு வெளிவருகிறது. மற்றொரு பங்கு, உள்ளே புகாமல், குளத்து நீர்மேல் நிலவு மின்னுவதுபோல மேற்பரப்பிலேயே தெறித்துவிடுகிறது. வெள்ளைத் தோலில் முதற்பங்கு மிகுதி; ஆகவே அங்கே நிழலைக்கொண்டு வடிவம் காட்டவேண்டும். கருந்தோலில் முதற்பங்கு குறைவு. ஆனால் மேற்பரப்பின் மின்னல் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றே! ஆகவே கருமுகத்தின் எழில் அந்த மின்னலில் இருக்கிறது. சிறிய ஃப்ளாஷ் விளக்கை நேர் எதிரே வைத்து வெடித்தால், மின்னல் புள்ளி புள்ளியாகத் தெறித்து முகம் வியர்த்ததுபோலாகும். அகன்ற ஒளியை, சன்னல் அளவு, கதவு அளவு ஒளியை, பக்கத்திலிருந்து தந்தால், அதே மின்னல் நீண்டு பரந்து பட்டுப்போல் படியும். வெள்ளை முகத்துக்கென வகுத்த முறையை அப்படியே பெயர்த்துக் கருமுகத்தில் போட்டுவிட்டு, "எடுபடவில்லை" என்பவன், மரத்துக்கு வைத்த இழைப்புளியைக் கல்லில் தேய்த்துவிட்டுக் கல்லைத் திட்டுகிறவன்.

கேய்ட்டாவுக்கு உலகம் என்ன மதிப்பளித்தது? 1991இல் நியூயார்க்கில் நடந்த ஆப்பிரிக்கக் கலைக் காட்சியில் அவர் படங்களை வைத்தார்கள். கீழே எடுத்தவர் பெயர்? "பெயர் தெரியாதவர்"! பமாகோவில் கேட்டிருந்தால் தெருப்பிள்ளை சொல்லியிருக்கும். பிறகு தேடிக் கண்டுபிடித்து, 1994இல் பாரிசில் கார்த்தியே நிறுவனம் தனிக் காட்சி வைத்தது. 2001இல் அவர் மறைந்தார்.

பழங்கதைதானே, இன்று எல்லாம் மாறிவிட்டதே என்று கூறுவார் உண்டு. 2020இல் வோக் ஏட்டின் அட்டைக்காக, சீருடற்பயிற்சி வீராங்கனை சிமோன் பைல்சைப் புகழ்பெற்ற ஆனி லீபோவிட்ஸ் படமெடுத்தார். மங்கிய ஒளி, கருந்தோலின் உயிரைக் கொன்றுவிட்டது என்று கண்டனம் எழுந்தது. கண்டனத்தில் உண்மை உண்டு என்றே நானும் கருதுகிறேன். வறியவர் முற்றத்தில் ஒரே தகட்டில் முடிந்தது, விளக்குக் காடும் உதவியாளர் படையும் உள்ள இடத்தில் முடியவில்லை என்றால், குறை வசதியிலா இருக்கிறது? கூகுள் நிறுவனம் 2021இல், எல்லாத் தோல் நிறத்தையும் உள்ளபடி காட்டும் என்று கூறித் தன் கைப்பேசியில் தனி ஏற்பாடு செய்தது. நல்லதுதான். அதே வேளையில், கைப்பேசிகளில் "அழகூட்டும்" பொத்தான் ஒன்றும் இருக்கிறதே, அது முதலில் செய்யும் அழகு என்ன? வெளுக்க வைப்பது!

வெளியூர்க் கதை போதும். நம் வீட்டுக்கு வருவோம்.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் ஒரு நீண்ட மரபு உண்டு. பெண் பார்க்கப் படம் அனுப்பவேண்டும். பெண்ணை அழைத்து வருகிறார்கள். முகத்திலே மாவுபோல் பவுடர். நேர் எதிரே இரண்டு விளக்கு, வெடிக்கும் வெளிச்சம். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம்! பவுடர் என்ன செய்கிறது தெரியுமா? மேலே சொன்னேனே, மேற்பரப்பு மின்னல், அதைத்தான் கொன்றுவிடுகிறது. பளபளத்த கருமை, சாம்பல் பூத்த தணலாகிறது. அது போதாதென்று, அந்நாளில் நெகட்டிவின்மேல் பென்சில் தீட்டினார்கள். இந்நாளில் கணிப்பொறியில் ஒரு கோட்டை இழுக்கிறார்கள். பெற்றோர் கேட்பதோ ஒரே வரம்: "கொஞ்சம் கலராக் காட்டுங்க தம்பி!" இந்தச் சொல்லைச் சற்று நிறுத்தி எண்ணுங்கள். கலர் என்றால் நம்மிடையே வெளுப்பு என்று பொருள். கருப்பு ஒரு நிறமே அன்று என்று மொழியே தீர்ப்பளித்துவிட்டது! 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி பசைக்கு, 2020இல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாற்றினார்கள். பெயரைத்தான் மாற்றினார்கள். முகப்பூச்சு விளம்பரங்களில் "முன்னே", "பின்னே" என்று இரு முகங்கள் காட்டுவதுண்டே, இடையிலே மாறியது தோலா, விளக்கா என்று எவரேனும் கேட்டதுண்டா?

இந்த மடமையை எதிர்த்துச் சென்னையிலேயே ஒரு முயற்சி நடந்தது. அதைப் பாராட்டாமல் விடுவது நேர்மையன்று. பாராட்டோடு நிற்பதும் நேர்மையன்று. 2017ஆம் ஆண்டு இறுதியில், பரத்வாஜ் சுந்தர், நிழற்படக் கலைஞர் நரேஷ் நில் ஆகியோர், "டார்க் இஸ் டிவைன்", அதாவது கருப்பே தெய்விகம் என்ற தலைப்பில் படவரிசை ஒன்றை வெளியிட்டனர். கருநிற மாடல்களை அமர்த்தி, இலக்குமியாகவும் சரசுவதியாகவும் கண்ணனாகவும் ஒப்பனை செய்து எடுத்த படங்கள். நாட்காட்டிகளில் வீடுதோறும் தொங்கும் வெளுத்த தெய்வங்களுக்கு அது மறுமொழி. அந்த வெளுப்பு எங்கிருந்து வந்தது? 1894இல் ரவி வர்மா பம்பாயில் நிறுவிய அச்சகம் போன்றவை, அவர் தீட்டிய சிவந்த மேனித் தேவியரை ஏழை வீட்டுச் சுவர்வரை கொண்டுசேர்த்தன. அச்சுக் கல் தந்த நிறத்தை ஆண்டவன் தந்த நிறமென்று நம்பினோம்! அந்த நம்பிக்கையை அதன் கோட்டைக்குள்ளேயே புகுந்து அசைத்துப் பார்த்த துணிவு, சிறிய துணிவன்று. வெளுத்த விளம்பர உலகிலே கருநிறப் பெண்ணை நடுநாயகமாக அமர்த்தியது, வரவேற்கத்தக்கது.

ஆயினும் கேட்கிறேன்: கருப்பு அழகு என்று சொல்ல, கடவுளின் முடியைக் கடன் வாங்கவேண்டுமா? இலக்குமி கருப்பாயிருந்தால் என் தங்கை கருப்பாயிருக்கலாம் என்பது வாதமானால், இலக்குமி வெளுப்பாயிருக்கும் வரை என் தங்கை தலைகுனிந்திருக்கவேண்டும் என்பதும் வாதமாகிவிடுமே! வழக்கை வென்றார்கள், வழக்குமன்றத்தை ஒப்புக்கொண்டு வென்றார்கள். கலை நோக்கிலும் எனக்கொரு குறை. தெய்வத்தின் கோலத்துக்கு இலக்கணம் முன்பே எழுதிவைத்தாயிற்று. கை இங்கே, மலர் அங்கே, பார்வை அருளோடு. அந்த இலக்கணத்துக்குள் புகுந்த பெண், தன் முகத்தை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். பார்த்தவர் நெஞ்சில் நின்றது "கருப்பு இலக்குமி". அந்த மாடல் யார்? என்ன விரும்புகிறாள்? எதைக் கண்டு சிரிப்பாள்? படம் சொல்லாது, சொல்லவேண்டிய கடமையும் அதற்குத் தரப்படவில்லை. பமாகோவின் முற்றத்தில் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு அமர்ந்த பெண்ணுக்கு முடியுமில்லை, அருளுமில்லை. அவள் அவளாகவே இருந்தாள். அது போதுமானதாக இருந்தது.

மக்கள் அறிந்த மொழியில் பேசினால்தானே மக்களுக்குப் புரியும் என்று அவர்கள் சார்பில் சொல்லலாம். சொல்லட்டும். அம்மொழியில் ஒருமுறை பேசியாயிற்று. அடுத்த படவரிசை, நெசவாலைப் பெண்ணையும் நடத்துநரையும் ஆசிரியையையும், அவரவர் ஆடையில், அவரவர் பெயரோடு காட்டட்டும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டும் என்று எண்ணவேண்டா. கைப்பேசி வைத்திருக்கும் எந்தத் தோழரும் வரும் ஞாயிறன்றே செய்து பார்க்கலாம். வடக்கு நோக்கிய திண்ணை ஒன்றைத் தேடுங்கள். வெயில் நேரே விழாத, ஆனால் வானம் நன்றாகத் தெரியும் இடம். அதைவிடச் சிறந்த ஸ்டுடியோவை எந்த முதலாளியும் கட்டியதில்லை. அமர்பவரின் ஒரு பக்கம் வெளிப்புறத்தை நோக்கட்டும். மறுபக்கத்தில், திரைப்படக்காரர் பிடிப்பதுபோல் ஒரு தெர்மாகோல் பலகை. இல்லையெனில் வெள்ளை வேட்டியே போதும். பின்னால் சுண்ணாம்புச் சுவர் வேண்டா. செங்கற்சுவர், பச்சை இலை, மங்கிய நீலச் சேலை, எதுவாயினும் முகத்தோடு போட்டியிடாத நிறம். பவுடர் வேண்டவே வேண்டா. நெற்றியிலும் கன்னத்திலும் விரல்நுனியளவு தேங்காயெண்ணெய். கைப்பேசித் திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சுவரை விட்டுவிட்டு முகத்துக்காக அது ஒளியைக் கணிக்கும். கருத்தவரும் சிவந்தவரும் சேர்ந்து நின்றால், கருத்தவரை ஒளிக்கு அருகே நிறுத்துங்கள். பாதித் தொலைவில் நான்கு மடங்கு வெளிச்சம் என்பது விளக்குக்குச் சொன்ன கணக்கு; அகன்ற வானத்து ஒளியில் அவ்வளவு ஏற்றம் இராது, எனினும் ஓரடி நெருங்கினால் முகம் தெளிவதைக் காணலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, அமர்பவரிடம் கால்மணி நேரம் பேசுங்கள். எந்த உடை பிடிக்கும், எந்தப் பக்கம் தன் முகம் நன்றாயிருக்கும் என்று எண்ணுகிறார், கையில் எதை வைத்துக்கொள்ள ஆசை என்று கேளுங்கள்.

ஒரு முடிச்சு மட்டும் எஞ்சி நிற்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. அமர்பவரின் விருப்பமே முதன்மை என்றேன். அமர்ந்த பெண், படம் பார்த்துவிட்டு, "அண்ணா, கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்கள்" என்று கேட்டால்? அவள் விருப்பத்துக்கு இணங்குவதா, அவள் நெஞ்சில் ஊர் ஊன்றிய நச்சுக்கு இணங்குவதா? ஸ்டுடியோக்காரர் எல்லாரும், "வருபவர் கேட்கிறார், நாங்கள் என்ன செய்ய?" என்று இந்தச் சொல்லின் பின்னேதான் ஒளிந்துகொள்கிறார்கள். எனக்கோ, மறுத்து அறிவுரை சொல்லி அனுப்பவும் மனமில்லை; அவள் முகத்துக்கு அவளைவிட உரிமையாளர் எவருமிலர். ஆனால் அவள் எதை அறிந்து கேட்கிறாள்? பிறந்ததுமுதல் இன்றுவரை, பள்ளிப் படத்திலும் அடையாள அட்டையிலும் திருமணக் கூட்டத்திலும், கெட்ட ஒளியில் எடுத்த தன் முகத்தையே அவள் கண்டிருக்கிறாள். கரியும் சாம்பலும் கண்ட கண், வெளுப்பைக் கேட்பதில் வியப்பென்ன?

ஆகவே இரண்டையும் அச்சிடுங்கள். திண்ணை ஒளியில், எண்ணெய் மின்னலோடு, எதுவும் தீட்டாமல் எடுத்தது ஒன்று; அவள் கேட்டபடி வெளுப்பாக்கியது மற்றொன்று. ஒரே அளவில், ஒரே தாளில். இரண்டையும் அருகருகே அவள் கையில் கொடுத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்றுகொள்ளுங்கள். பார்த்து முடிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.